எலும்புக்கூடு கேட்ட பெயர்

போன வருஷம் அக்டோபர் கடைசி நாள், டெக்சாஸில் காப்பெல் ஊரில், எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

ஆபீஸ் முடிந்து, ஃப்ரீவேயில் ஊர்ந்து வீடு சேர்வதற்குள் இடுப்பு விட்டுப்போயிருந்தது. பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும் ஹாலோவீனுக்கு எட்டு வயது மகள் எலும்புக்கூடு வேஷம் கேட்டாள். கத்தோலிக்கக் குடும்பத்துக்குப் பேய் வேஷம் ஒன்றுதான் குறைச்சல் என்று சொல்லி, புனித குழந்தை தெரசம்மாளின் கன்னியாஸ்திரி உடுப்பை மாட்டிவிட்டேன். "நோபடி வில் நோ ஹூ ஐ ஆம், அம்மா" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளைத் தெருவுக்குக் கூட்டிப்போகவும் தெம்பில்லை. வாசல் விளக்கை அணைத்தேன். இங்கே விளக்கு எரியாத வீட்டுக்கு மிட்டாய் கேட்டு வரமாட்டார்கள்.

திண்டுக்கல்லில் என் அம்மா தவறிப்போய் நாலைந்து மாதம் ஆகியிருந்தது. விசா சிக்கல். போனால் திரும்பி வர முடியுமோ என்று பயந்து போகவில்லை. அடக்கத்தை செல்போனில் பார்த்தேன், அதுவும் பாதியில் நின்றுவிட்டது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றலாமென்றால், அன்றைக்கு ஆபீசில் விடிய விடிய வேலை. அதனால் இரண்டு நாள் முந்தியே, அம்மாவின் கல்லறையாக நினைத்து வாசற்படியில் ஏற்றி வைத்தேன்.

அங்கேதான் பிசகியது. ஹாலோவீனன்று வாசலில் மெழுகுவத்தி எரிந்தால் வரலாம் என்று அர்த்தமாம். காலிங்பெல் அடித்தது. இரண்டு குட்டிப் பிசாசுகள், பின்னால் எலும்புக்கூடு உடையில் அவர்களுடைய அப்பா. வீட்டில் ஒரு மிட்டாய்கூட இல்லை. அலுப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மகள்தான், "சாரி, தட்ஸ் ஃபார் மை பாட்டி. ஷி டைடு" என்றாள்.

அவர் முகமூடியைக் கழற்றினார். மெக்சிகோக்காரர். எங்கள் ஊரிலும் இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுவோம் என்று சொல்லி, அம்மாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அதைத் தடுமாறித் தடுமாறிச் சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டு, சிலுவை அடையாளம் போட்டுப் படியிலேயே முழங்காலிட்டார். பிசாசுகளும் முழங்காலிட்டன, பக்கத்தில் என் தெரசம்மாளும். ஸ்பானிஷ் எனக்குத் தெரியாது. நடுவில் மரியா என்று கேட்டதும் அருள் நிறைந்த மரியே செபம் என்று புரிந்து, நானும் தமிழில் சேர்ந்துகொண்டேன்.

கிளம்பும்போது சின்னப் பிசாசு தன் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து மெழுகுவத்தி பக்கத்தில் வைத்தது. பாட்டிக்காம்.

அம்மா போனபோது எத்தனையோ பேர் விசாரித்தார்கள். லீவு எத்தனை நாள் என்றுகூடக் கேட்டார்கள். அம்மாவின் பெயரைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பாதியில் நின்றுபோன அந்த அடக்கம் எங்கள் வாசற்படியில்தான் முடிந்தது என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.