அத்தானுக்கு நான் தேர்ந்தெடுத்த திரை

என் மேசைமேல் இருக்கும் மானிட்டர் அத்தானுடையது. இருபத்தெட்டு இன்ச். மெல்லிய விளிம்பு, சாம்பல் நிறக் கால். கீழ் மூலையில் அக்கா வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்ந்த இடத்தில் ஒரு மஞ்சள் கறை மட்டும் மிச்சம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "படம் எவ்வளவு ஷார்ப்பா இருக்கு, எங்க வாங்கினே" என்று தவறாமல் கேட்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இந்தத் திரையைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் என்மேல் கோபம் வரும், அப்புறம் அக்காமேல், கடைசியாக, வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத அத்தான்மேல். சில நாள் இந்த வரிசை மாறும். ஆனால் நான் அதில் இல்லாத நாளே கிடையாது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். சாங்கி விமான நிலையத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். ஒவ்வொரு சரக்கோடும் ஒரு சீட்டு போகும், ஏர்வே பில் என்பார்கள். பதினோரு இலக்க எண், எடை, பெட்டிகளின் எண்ணிக்கை, போய்ச் சேர வேண்டிய ஊர் எல்லாம் அதில் இருக்கும். அவற்றைக் கணினியில் ஏற்றிச் சரிபார்ப்பதுதான் அவர் வேலை. எண்கள் என்றால் அவருக்கு அப்படி ஒரு பிடிப்பு. குவீன்ஸ்டவுனில் தங்கள் அடுக்குமாடி புளோக்கில் குடியிருக்கும் பாதிப் பேருடைய கார் எண்ணை மனப்பாடமாகச் சொல்வார். அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை கண்ணில் வந்து உட்கார்ந்தது. கண்ணில் ஊசி போட்டார்கள். 'இப்போதைக்கு நிலையாக இருக்கிறது, பெரிய எழுத்தாக வைத்து வேலை பாருங்கள்' என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதே சமயத்தில் நிறுவனம் அந்தப் பிரிவையே வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லி, கையில் ஒரு பதினான்கு இன்ச் லேப்டாப்பைக் கொடுத்தது. ஒரு பெரிய மானிட்டர் வாங்கினால் தவிர அந்த வேலையில் அவரால் நீடிக்க முடியாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அக்கா மகனுக்கு அப்போதுதான் பல்கலைக்கழகம் தொடங்கியிருந்தது. நானூறு வெள்ளிக்கு மேல் ஒரு காசுகூடத் தர முடியாது என்று அக்கா முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

நான் ஓர் அலுவலகத்தில் கணினி உதவிப் பிரிவில் இருக்கிறேன். அதனால் குடும்பத்தில் யாருடைய போன் தண்ணீரில் விழுந்தாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். மானிட்டர் என்றதும் கேட்கவே வேண்டாம், பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். மூன்று சனிக்கிழமை அத்தானைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். முதல் வாரம் பார்த்ததெல்லாம் விலை கூடுதல். இரண்டாம் வாரம் பார்த்த ஒன்று வளைந்த திரை. "கார் ஓட்டுற மாதிரி இருக்குலா" என்று அத்தான் எழுந்துவிட்டார். ஒவ்வொரு கடையிலும் விற்பவர் என்னிடம்தான் பேசினார், நானும் அவரிடம்தான் பேசினேன். பார்க்கப் போகிற மனிதர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மூன்றாம் சனிக்கிழமை தேக்காவில் தே தாரிக் குடித்துவிட்டு, சிராங்கூன் சாலையின் குறுக்குத் தெரு ஒன்றில் ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தோம். வெயிலுக்கு ஒதுங்கத்தான் போனோம் என்பது என் எண்ணம். அங்கே பார்வைக்கு வைத்திருந்த முப்பத்திரண்டு இன்ச் மானிட்டர் ஒன்று இருந்தது. தடித்த கறுப்பு விளிம்பு, பார்க்க ஒரு பழைய டிவி போல. கடைக்காரர் நாகப்பட்டினம் பக்கத்துக்காரர், நிதானமான மனிதர். அத்தானிடம் என்ன வேலைக்கு என்று கேட்டார். மூன்று வாரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். எண்கள் என்று அத்தான் சொன்னதும், கடைக் கணினியில் வரிசையாக எண்களைத் தட்டிக் காட்டினார். அத்தான் நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொண்டு, முதுகைச் சாய்த்து, தடுமாறாமல் படித்தார்.

"இது போதும்மா. நல்லாத் தெரியுது" என்றார். விலையும் இருநூற்றுச் சொச்சம்தான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. காரணம் சொல்லத் தெரியாமல் இல்லை, நிறையவே சொன்னேன். பெரிய திரையில் குறைவான புள்ளிகள், எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும், இந்தக் காலத்தில் யாராவது இதை வாங்குவார்களா, இதே நானூறுக்குள் நாலு மடங்கு புள்ளிகள் உள்ள ஃபோர்-கே கிடைக்கும் என்று அந்தக் கடைக்காரர் முன்னாலேயே வாய் கிழியப் பேசினேன். அத்தான் மறுபடியும் அந்தத் திரையைத் திரும்பிப் பார்த்தபோது, இது கண்ணுக்குக் கெடுதல் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அதற்கு ஆதாரம் ஏதும் கிடையாது, பேச்சில் ஜெயிக்க வேண்டும் என்று சொன்னது. கண் பயத்தில் இருக்கும் மனிதரிடம் அப்படிச் சொன்னால் அவர் வேறு என்ன செய்வார்? "எக்ஸ்பர்ட் சொன்னா சரிதான்லா" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார். கடைக்காரர் திரையை அணைத்தார். அன்று பிற்பகலே பூகிஸ் பக்கத்துக் கணினிக் கடை ஒன்றில், தள்ளுபடி போக முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளிக்கு, இப்போது என் மேசையில் இருக்கும் இதை வாங்கினோம். ஒரு வெள்ளி மிச்சம் பிடித்த பெருமை வேறு எனக்கு.

வாங்கியது ஆடி மாதம். பெட்டியை வீட்டுக்குள் விட்டதே பெரிது என்பது போல அக்கா அதை சோபாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். ஆடியில் புதுச் சாமான் பிரிக்கக் கூடாதாம், ஆவணி பிறக்கட்டும் என்றாள். கடையில் பதினான்கு நாளுக்குள்தான் மாற்றித் தருவார்கள் என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆடித் தள்ளுபடியில் புடவை வாங்கலாம், வாங்கியதைப் பிரிக்க மட்டும் கூடாது என்பது என்ன சாஸ்திரமோ. இருபத்திரண்டு நாள் கழித்து, ஆவணி முதல் ஞாயிறு, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு வத்தி கொளுத்திக் காட்டிவிட்டுத்தான் என்னைத் தொடவிட்டாள். மாற்றும் கெடு முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. ரொம்ப நாள் வரைக்கும் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த ஆடிதான் காரணம் என்று அக்காமேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. ஆடியே இல்லாவிட்டாலும் அத்தான் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டார்.

அன்று இணைப்புக் கொடுத்து, எழுத்தையும் பெரிதாக்கி வைத்து முடித்ததும் நான் முதலில் போட்டுக் காட்டியது ஒரு கடல் வீடியோ. அலையின் நுரைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அக்கா வாயைப் பிளந்தாள். அத்தானும் தலையை ஆட்டினார். அப்புறம் அவர்கள் மகனின் பள்ளி விழாவில் எடுத்த படங்கள், அப்புறம் கோயில் தேர். சாப்பாடு தயாராகிவிட்டது என்று அக்கா கூப்பிட எழுந்து போய்விட்டோம். அவருடைய வேலைத் திரையைத் திறந்து காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, எதைத் திறந்தால் பிரச்சினை, அதைத் திறங்கள் என்பதுதான். முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு நாளைக்கு இருபது தரம் கேட்பதை சொந்த அத்தானிடம் ஒரு தரம் கேட்கவில்லை. இதை எழுதும்போதுகூடத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் "நல்லாதான்லா இருக்கு" என்பதுதான் பதில். தீபாவளிக்குப் போனபோது அவருக்கு அடிக்கடி தலைவலி என்று அக்கா சொன்னாள். வெயிலாக இருக்கும் என்றேன். அடுத்த மாதம் அக்கா போனில் அழுதாள். அறுநூற்று எண்பது கிலோவை எண்ணூற்று எண்பது என்று ஏற்றிவிட்டாராம், சரக்கு ஏறாமல் நின்றுவிட்டதாம், எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறதாம். இருபத்தாறு வருடத்தில் முதல் கடிதம். சில வாரத்தில் இன்னொன்றும் வந்தது. "அவருக்குக் கண்ணு போய்க்கிட்டே இருக்குடி" என்றாள் அக்கா. அடுத்த டாக்டர் தேதி மார்ச்சில்தான். முன்னாலேயே பார்க்கச் சொல் என்று புத்தி சொன்னேன். மானிட்டரைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் வரவில்லை. நல்ல மானிட்டர் ஆயிற்றே, நான் பார்த்து வாங்கியதாயிற்றே.

தைப்பூசத்துக்கு நான் விடுப்பு எடுத்திருந்தேன். அக்கா பால்குடம் எடுத்தாள். சிராங்கூன் சாலையிலிருந்து டோபி காட் வழியாகத் தேங் ரோடு கோயில் வரைக்கும் அவளோடு நடந்தேன். எதற்காக வேண்டிக்கொண்டாள் என்று கேட்கத் தேவையில்லை. அத்தானுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மதியம் நாங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டுக்குத் திரும்பியபோது அவர் உள்ளறையில் வேலையில் இருந்தார். பிரசாதம் கொடுக்கலாம் என்று கதவைத் தள்ளினேன்.

அத்தான் உட்கார்ந்திருக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு, மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி, மூக்கு திரையில் படுகிற தூரத்தில் குனிந்து நின்றார். வலக்கையில் ஒரு பூதக்கண்ணாடி. அதைத் திரையில் வைத்து, ஓர் எண்ணாக வாய்விட்டுச் சொல்லி, ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய திரையில், நட்டநடுவே, எறும்பு வரிசை போல அவருடைய நிறுவனத்தின் பழைய மென்பொருள். நான் அன்று எழுத்தைப் பெரிதாக்கி வைத்த ஏற்பாட்டை அது மதிக்கவே இல்லை. பதினான்கு இன்ச் லேப்டாப்பில் எழுத்து எந்த அளவோ, இருபத்தெட்டு இன்ச்சிலும் அச்சாக அதே அளவு. அதிகமாக இருந்ததெல்லாம் சுற்றிலும் வெற்றிடம். புள்ளி கூடினால் எழுத்து சிறுக்கும் என்பது என் தொழிலில் அரிச்சுவடி. ஐந்து மாதம் அவர் இப்படி நின்றிருக்கிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரசாதத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா அத்தான், ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். அக்கா ஈரத்தலையோடு ஓடி வந்தாள். அத்தான் பூதக்கண்ணாடியை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"நீ மூணு வாரம் அலைஞ்சு வாங்கிக் குடுத்தது. உங்க அக்கா பாக்கிறவங்ககிட்ட எல்லாம் என் தங்கச்சி செலக்ஷன்னு சொல்லிக்கிட்டு இருக்கா. நான் எப்படிம்மா குறை சொல்றது?" என்றார். பிறகு, "அதுவும் இல்லாம, இவ்வளவு நல்ல மானிட்டர்லயே தெரியலன்னா கண்ணுதான் போயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மவுஸைப் பிடித்தேன். திரையின் புள்ளிகளைக் கால்வாசியாகக் குறைக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. நான் அவ்வளவு கேவலமாகப் பேசிய அந்தச் சின்னக் கடை மானிட்டரில் இருந்த அதே அளவுப் புள்ளிகளுக்கு இதையும் இறக்குவது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திரை ஒரு தரம் கறுத்து, மறுபடி வந்தது. எழுத்துகள் இரு மடங்காக நின்றன, ஓரத்தில் கொஞ்சம் பிசிறோடு.

அத்தான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பதினோரு இலக்கத்தையும் மூச்சு விடாமல் படித்தார். அடுத்த வரியைப் படித்தார். அதற்கடுத்ததையும் படித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "அப்ப என் கண்ணு கெடலையா?"

கெடவில்லை அத்தான் என்றேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே அவர் விலகல் கடிதம் கொடுத்திருக்கிறார், பூசம் முடியட்டும் என்று அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. மூன்றாவது எச்சரிக்கை வந்து அனுப்பப்படுவதைவிடத் தானே போவது மரியாதை என்று நினைத்தாராம். கடிதத்தைத் திரும்பக் கேளுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். கேட்டார். அவருடைய மேலாளர் வருத்தமாகத்தான் பேசினார், ஆனால் அந்த இடத்துக்கு ஆள் எடுத்து ஆகிவிட்டது.

அறிவிப்புக் காலம் ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் அத்தான் அந்த மானிட்டர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து வேலை பார்த்தார். வேலை முடிந்ததும் அதைப் பெட்டியில் போட்டு, இனி எனக்கு எதற்கு என்று என் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார். இப்போது பகலில் காய்கறிச் சந்தைக்குப் போகிறார், மாலையில் நடக்கிறார். மார்ச்சில் டாக்டர், கண் போன வருடம் இருந்தபடியேதான் இருக்கிறது என்றார். வேறு வேலைக்கு மனுப் போட்டுப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயதில் யார் கூப்பிடுகிறார்கள்?

கடைசி நாளில் அலுவலகத்தில் சின்னதாக ஒரு விருந்து வைத்தார்கள். அத்தான் அந்த ஒரு மாதத்தில் ஏற்றிய எண்களில் ஒன்றுகூடத் தவறவில்லை என்று மேலாளர் எல்லார் முன்னாலும் சொன்னாராம். அக்கா அதை என்னிடம் பெருமையாகத்தான் சொன்னாள்.