ஒத்துப்போனவள்

ஆரணியில் லோகநாதனின் பட்டுக்கடையில் புடவை மடித்துப் பெட்டியில் வைப்பது யோகமலரின் வேலை. வயது நாற்பத்திரண்டு. தொண்ணூறில், ஏழு வயதில், மன்னாரிலிருந்து படகேறி வந்தவள். போளூர் போகும் வழியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் வளர்ந்தாள். அங்கேயே கல்யாணம் ஆனது. அங்கேயே கணவனும் போய்ச் சேர்ந்தான். முகாமுக்குள் இலங்கைப் பேச்சுதான். பள்ளிக்கூடத்தில் அவள் வாயே திறந்ததில்லை.

கடையில் சேர்ந்த முதல் வாரம் ஒரு அம்மாளிடம், "இந்தச் சீலையை மடிச்சுத் தரட்டோ?" என்று கேட்டுவிட்டாள். "எந்த ஊர் நீ?" என்று ஆரம்பித்தார் அவர். சண்டை, படகு, செத்தவர்கள் என்று அரைமணி நேரம் கிளறிவிட்டுப் போனார். மறுநாள் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்து, "நான் சொன்னேனே, அது இவதான்" என்று காட்டினார். அன்றிலிருந்து யோகமலர், உடன் வேலை செய்யும் சுகன்யாவின் பேச்சைக் காதில் வாங்கி வாங்கி நாக்கைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் யாருக்கும் சந்தேகம் வராத அளவுக்குத் தேறிவிட்டாள்.

போன ஆண்டு, முகாமில் விசாரித்துக்கொண்டு சத்யப்ரியா வந்தாள். வேலூர்க் கல்லூரியொன்றில் உளவியல் ஆராய்ச்சி மாணவி. வேறு இடத்திலிருந்து வந்தவர்கள் ஒரு ஊரோடு எப்படிப் பொருந்துகிறார்கள் என்பது அவள் ஆய்வு. அறுபத்துநான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மூன்று நாள் சாப்பாட்டு வேளையில் கடையின் பின்னறையில் உட்கார்ந்து கேட்டாள்.

"இந்த ஊர்க்காரங்க உங்கள தங்கள்ல ஒருத்தரா நெனைக்கறாங்களாக்கா?"

"நெனைக்கறாங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவங்களுக்குத்தான் தெரியாதே."

சத்யப்ரியாவின் பேனா நின்றது. அந்தப் பதிலை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. ஐந்தைச் சுழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

மூன்று மாதம் கழித்து போன் வந்தது. இருநூற்றுப் பத்துப் பேரில் யோகமலருக்குத்தான் அதிக மதிப்பெண். கல்லூரியில் கருத்தரங்கு நடக்கிறது, வந்து பத்து நிமிஷம் பேச வேண்டும்.

"போய்ட்டு வாம்மா. கடை எங்கியும் ஓடிப்போவாது" என்றார் லோகநாதன்.

ஆனால் முகாமில் இருப்பவர்கள் மாவட்டம் தாண்ட அனுமதி வேண்டும். மனு எழுதிக்கொண்டு தாலுகா அலுவலகம் போனாள். முதல் நாள் அதிகாரி இல்லை. மறுநாள் இருந்தார்.

"அங்க போய் இன்னா பேசப் போறே?"

"இந்த ஊரோட எப்படி ஒத்துப்போனேன்னு சார்."

அவர் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போனில் வந்த அழைப்பிதழ் செல்லாது, முத்திரை வைத்த கடிதம் வேண்டும் என்றார். சத்யப்ரியா கடிதத்தைப் பேருந்தில் கொடுத்தனுப்பினாள். மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்குக் கையெழுத்து விழுந்தது. கருத்தரங்கு அன்று மதியமே முடிந்திருந்தது. யோகமலருக்கு அழுகை வரவில்லை. கால்தான் வலித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சத்யப்ரியா முகாமுக்கே வந்தாள். இம்முறை கையில் தாள் இல்லை. பால் இல்லாத தேநீரைக் குடித்துக்கொண்டே, "வீட்ல எப்படிப் பேசுவீங்கக்கா?" என்று கேட்டாள்.

"அம்மா இருந்த வரைக்கும் எங்க பேச்சு. அவங்க போய்ச் சேந்து ரெண்டு வருஷம் ஆச்சு. எம்பொண்ணு ஆரணிக்காரி மாதிரிதான் பேசுது."

"கொஞ்சம் பேசிக் காட்டுங்களேன்."

யோகமலர் யோசித்தாள். "நீங்கள் எப்ப வந்தனீங்கள்..." என்று தொடங்கினாள். "பஸ்ல கூட்டமா இருந்துகினு..." என்று வாய் தானாகத் திரும்பிவிட்டது. நிறுத்திவிட்டாள்.

"முடியல மேடம். கடையில பேசறது முன்னெல்லாம் நடிப்புன்னு தெரியும். இப்ப எது நடிப்புன்னே தெரியல. அசதியா இருக்கு."

சத்யப்ரியா தம்ளரைக் கீழே வைத்தாள். "அந்த அஞ்ச மாத்திடட்டுமாக்கா?"

"எதுக்கு? மாத்தினா மறுபடி அறுவத்திநாலும் கேப்பீங்க. போட்டது இருக்கட்டும்."

மாற்றவில்லை. ஆய்வேடு ஐந்தோடுதான் போனது.

அந்த ஞாயிறு மாலை அவளைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்து, யோகமலர் கட்டிய புடவையோடு பாயில் சாய்ந்தாள். அப்படியே தூங்கிப்போனாள். மகள் வந்து தோளைத் தொட்டாள்.

"யம்மா, எழுந்திரு. கொழாயில தண்ணி வந்துகினு இருக்கு."