மள்ளி மூட்டை

திருப்பதிக்கு வருகிற ஜனம் மலைக்குப் போய் மொட்டை போடும், தலை நிறையச் சந்தனம் பூசிக்கொள்ளும், தரிசனம் முடிந்து கீழே இறங்கி லாட்ஜில் படுத்துத் தூங்கும். அவர்கள் அறையைக் காலி செய்த பிறகு அந்தத் தலையணை உறைகளெல்லாம் மூட்டையாகக் கட்டப்பட்டு எங்களிடம் வரும். ரேணிகுண்டா போகிற சாலையில் உள்ள ஒரு லாண்டரியில் எட்டு வருஷமாக வேலை செய்கிறேன். பத்துப் பன்னிரண்டு லாட்ஜுகளின் படுக்கை விரிப்பு, உறை, துண்டு எல்லாம் அங்கேதான் துவைக்கிறோம்.

எனக்குச் சொந்த ஊர் சித்தூர் ஜில்லாவில் தமிழும் பேசுகிற சாந்திபுரம் பக்கம். நைனாவுக்குத் துண்டு நிலம்கூடக் கிடையாது. மற்றவர்கள் தோட்டத்தில் தக்காளி பறித்து எங்களை வளர்த்தார். நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தேன். கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தபோது வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார், நான் லாண்டரியில் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து எனக்கு ரோலரில்தான் வேலை. ஈரத் துணியை ஒரு பக்கம் இரண்டு பேர் விரித்துக் கொடுத்தால், அந்தச் சூட்டு உருளையில் சுற்றி, காய்ந்து, இஸ்திரி போட்டது போல மறுபக்கம் வரும். மறுபக்கத்தில் வாங்கி மடிக்கிறவர்கள் நானும் ஓர் அக்காவும். அக்கா திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். சாயங்கால ரயிலை விட்டால் பஸ்ஸில் நின்றுகொண்டே போக வேண்டும். நான் சொல்லப்போகிற அந்த வருஷம் அவள் ரயிலைப் பிடித்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஏனென்றால் எங்கள் வேலை முடியவே முடியாது. ஐந்து மணி ஷிப்ட் ஆறாகும், ஆறு ஏழாகும். அப்படியும் லாட்ஜிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். அறை காலியாக இருக்கிறது, வாசலில் ஜனம் பெட்டியோடு நிற்கிறது, விரிக்க விரிப்பு இல்லை என்பார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் மேனேஜர் ஒருவர் இருந்தார். அவர் போனில் கத்துவது ரோலர் சத்தத்தையும் மீறி எங்களுக்குக் கேட்கும். அடுத்த மாசம் வேறு லாண்டரிக்குப் போய்விடுவேன் என்பார். ஓனர் தலையைக் குனிந்துகொண்டு, "சரி சார், சரி சார்" என்று சொல்வதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும். ஓனர் நல்ல மனுஷர். எங்களோடு தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். யாரையும் ஒருமையில் அதட்டியதில்லை.

சூப்பர்வைசர் சித்தூர்க்காரர், டிப்ளமா படித்தவர். ஒவ்வொரு நாளும் வாஷிங் மிஷின் எத்தனை லோடு ஓடியது என்று போர்டில் எழுதிவைப்பார். அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. மிஷின் ஒரு நிமிஷம் சும்மா நிற்கவில்லை, அப்படியும் துணி தேங்குகிறதென்றால் மிஷின்தான் போதவில்லை என்பது அவர் கணக்கு. ஓனரும் நம்பினார். பெரிய மிஷின் வாங்கலாம் என்று பேச்சு ஆரம்பமானது. புது மிஷின் வந்தால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும், இரண்டு மூன்று பேரை நிறுத்திவிடலாம் என்றும் காதில் விழுந்தது. நிறுத்துவதென்றால் ரயிலில் வருகிறவளைத்தான் முதலில் நிறுத்துவார்கள் என்று அக்கா தானாகவே முடிவு செய்துகொண்டாள். மத்தியானம் சோறு சரியாகத் தின்ன மாட்டாள்.

நான் கவனித்தது ஒரு தலையணை உறையை. ஓரம் பிரிந்திருந்த உறை ஒன்றை ஒருநாள் நான்தான் தைத்தேன். வெள்ளை நூல் கிடைக்கவில்லை, கையிலிருந்த பச்சை நூலில் தைத்து அனுப்பினேன். ஒரு திங்கட்கிழமை அது ரோலரிலிருந்து வந்தது. நடுவில் சந்தனக் கறை, காய்ந்த மஞ்சளாக. அக்கா அதை மேஜைக்கு அடியில் தள்ளினாள். கறை போகாத துணிகளுக்கென்று அங்கே ஒரு மூட்டை உண்டு. மறுபடியும் என்பதற்குத் தெலுங்கில் மள்ளீ என்பார்கள். மறுபடியும் துவைக்க வேண்டியது என்பதால் அதற்கு எங்களிடம் மள்ளி மூட்டை என்று பேர். மறுநாள் காலையில் முதல் லோடோடு சேர்த்து அதைப் போட்டுவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை அதே பச்சை நூல் என் கைக்கு வந்தது. கறை அப்படியே இருந்தது. புதன்கிழமையும் வந்தது.

"யக்கா, இது மூணாவது தரம் வருது," என்றேன்.

"வந்தா வருது. மள்ளில போடு," என்றாள்.

நான் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்த ஒரு உறையை மூன்று நாளில் மூன்று தரம் துவைத்திருக்கிறோம், மூன்று தரம் பிழிந்திருக்கிறோம், மூன்று தரம் ரோலரில் விட்டிருக்கிறோம். லாட்ஜுக்கு ஒரு தரம்கூடப் போகவில்லை. சூப்பர்வைசரின் போர்டில் மட்டும் மூன்று தரமும் ஏறியிருக்கிறது.

அன்றிலிருந்து ரோலருக்குப் பின்னால் உள்ள சுவரில் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தேன். மள்ளிக்குப் போகும் ஒவ்வொரு துணிக்கும் ஒரு கோடு. விரிப்புக்கு ஒரு வரிசை, துண்டுக்கு ஒரு வரிசை, உறைக்கு ஒரு வரிசை. ஆறு நாள் போட்டேன். விரிப்பும் துண்டும் ஒரு சாணுக்கு மேல் நீளவில்லை. உறையின் வரிசை சுவர் மூலை வரை போய்த் திரும்பிக் கீழே இன்னொரு வரிசையாக ஓடியது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாமே இது, கோலம் போட்டு வெச்சிகீற?" என்றாள். சொன்னேன். அவள் ஓர் உறையை எடுத்துக் கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"அந்தச் சந்தனத்துல மஞ்சளு கலந்துகினு கீதுமே," என்றாள் பிறகு. "பொடவைல மஞ்சப் பட்டா நாம இன்னா செய்வோம்? சோப்பு போட்டா செவந்து பூடும்னு மொதல்ல பச்சத் தண்ணில அலசுவோம். அப்பால வெயில்ல போடுவோம். இங்க எடுத்தவுடனே சுடுதண்ணி, சோடா. அதுக்கு மேல ரோலர்ல வெச்சி வேற சுட்டுடறோம். எப்டிப் போவும் கற?"

இத்தனை வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் ஒரு மாதிரியும் இங்கே ஒரு மாதிரியும் துவைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அந்த வாரமே மிஷின் கம்பெனிக்காரர் வந்தார். புது மிஷின் வைக்க எந்தச் சுவரை இடிக்கலாமென்று டேப் பிடித்து அளந்தார். ஓனரும் சூப்பர்வைசரும் பக்கத்தில் நின்றார்கள். அளந்துகொண்டே ரோலர் பக்கம் வந்தவர், "என்ன இது, சுவரெல்லாம் கோடு?" என்றார்.

மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்தேன். கேட்டதற்குப் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். "மள்ளி மூட்டைக் கணக்கு சார்," என்றேன்.

"ஏமி கணக்கம்மா?" என்று ஓனர் கிட்டே வந்தார்.

தனியாக எடுத்துவைத்திருந்த பச்சை நூல் உறையைக் காட்டினேன். "இத மூணு தரம் துவைச்சாச்சு சார். இந்தக் கோடெல்லாம் இதுமாதிரி உறைங்கதான். நம்ம மிஷின் துவைச்சதையே துவைச்சிக்கினு கீது. அதான் எடம் பத்தல. பெரிய மிஷின் வந்தாலும் இதையேதான் துவைக்கும்."

சூப்பர்வைசர் முகம் சிவந்துவிட்டது. "துணின்னா கறை இருக்கும். எல்லா லாண்டரியிலயும் ரீவாஷ் உண்டு," என்றார்.

ஓனர் கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டே மூலை வரை நடந்தார். திரும்பி வந்து, "என்ன செய்யணும்ங்கறீங்க?" என்று கேட்டார்.

"மூட்டை வந்தவுடனே வாசல்லயே பிரிக்கணும் சார். கறை பட்ட உறையைத் தனியா எடுத்துப் பச்சத் தண்ணில ஊற வெக்கணும். மொத அலசலுக்குச் சோப்பு வேணாம். துவைச்சப்பறம் ரோலருக்கு வேணாம், மாடில வெயில்ல போடலாம். ஒரு வாரம் உடுங்க. அப்பால மிஷின் வாங்கறதுன்னா வாங்குங்க."

கம்பெனிக்காரர் சிரித்தார். ஓனர் சிரிக்கவில்லை. "ஒரு வாரம்," என்றார்.

முதல் நாள் மானம் போனது. வாசலில் மூட்டை பிரிக்க நான் போய்விட்டதால் ரோலரில் அக்கா ஒருத்தியாக மடிக்க வேண்டியிருந்தது. துணி அவள் காலடியில் குவிந்தது. வாஷிங் மிஷினில் வேலை செய்கிறவர்கள் உறைக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். மாடியில் கொடி கட்டியிருந்த கயிறு அறுந்து, துவைத்த உறைகள் தரையில் விழுந்து, அத்தனையையும் மறுபடி அலசினோம். முடிக்க ஏழரை ஆனது.  சூப்பர்வைசர் போர்டில் லோடு எண்ணிக்கையை எழுதி, நேற்றையதைவிடக் குறைவு என்பதைக் காட்ட அடியில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். பஸ்ஸுக்கு நடக்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கும் பாக்கலாம்மே," என்றாள்.  எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டாம் நாள் கம்பி வாங்கிக் கொடி கட்டினோம். என் ஒருத்தியால் வாசலைப் பார்க்க முடியாதென்று தெரிந்துவிட்டதால், காலையில் முதல் ஒரு மணி நேரம் எல்லாருமே வாசலில் உட்கார்ந்து பிரிப்பது என்று மாற்றினோம். அந்த நேரத்தில் ரோலர் எப்படியும் சூடாகிக்கொண்டுதான் இருக்கும், அதன் முன்னால் நின்று கதை பேசிக்கொண்டிருந்தவர்கள்தானே நாங்கள். வந்த மூட்டைகள் ஒரு மணி நேரத்தில் பிரிந்துவிட்டன. அன்று ஆறரைக்கு முடித்தோம். மூன்றாம் நாள் மேஜைக்கு அடியில் பார்த்தேன். மள்ளி மூட்டை ஒரு பக்கெட் அளவுக்கு இருந்தது. திருப்பதி வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது. அந்த வாரம் நான் அதைக் கையெடுத்துக் கும்பிட்டேன். மாடியில் போட்ட உறைகளில் மஞ்சள் எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்தாலும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் நடந்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். மத்தியானம் மூன்றரை, நாலு மணி இருக்கும். ரோலரில் விரித்துக் கொடுக்கிற இரண்டு பெண்களும் கையைத் தொங்கவிட்டு நின்றார்கள். உருளை துணியில்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அது சுற்றும்போது போடுகிற சத்தமே வேறாகிவிட்டது. சூப்பர்வைசர் ஆபீஸ் அறையிலிருந்து ஓடிவந்தார்.

"ஏமைந்தி? வாஷர் நின்னுபோச்சா? கரண்ட் இல்லியா?"

 ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அக்காதான் சொன்னாள், அவளுக்குத் தெரிந்த தெலுங்கில். "அய்போயிந்தி சார்."

முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவருக்கு விளங்கவில்லை. வாஷிங் மிஷின் கதவைத் திறந்து பார்த்தார், காலி. பிழிகிற மிஷினைப் பார்த்தார், காலி. வாசலுக்குப் போய்ப் பார்த்தார். மூட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாத் துணியும் மடித்து, லாட்ஜ் வாரியாக அடுக்கி, வேன் ஏறுவதற்குத் தயாராக இருந்தது. அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எங்களில் யாரோ சிரிக்க ஆரம்பித்தாள், பிறகு எல்லாருமே சிரித்தோம், அவரும் சிரித்துவிட்டார். அன்று அக்கா ரயிலை மட்டுமா பிடித்தாள்? ஸ்டேஷனுக்கு நடந்தே போய், பூ வாங்கி வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து போனாளாம்.

மிஷின் கம்பெனிக்காரருக்கு ஓனர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். யாரையும் நிறுத்தவில்லை. ஆனாலும் எனக்குள் ஒரு பயம் இருந்தது. சாதாரண நாளில் முடிக்கிறோம், பிரம்மோற்சவத்தில் என்ன ஆகும்? அந்த ஒன்பது நாளும் திருப்பதியில் ஒரு லாட்ஜில் ஒரு கட்டில் காலியாக இருக்காது. முந்தின வருஷம் அந்த நாட்களில் நாங்கள் மூட்டைகளுக்கு நடுவில் நடக்க வழியில்லாமல் தவித்திருந்தோம்.

இந்தத் தரம் காலைப் பிரிப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தோம். யாரும் கூப்பிடவில்லை, நாங்களே பேசிவைத்துக்கொண்டு வந்தோம். சூப்பர்வைசரும் வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்து மூட்டை பிரித்தார். உறையை வெளிச்சத்தில் பிடித்து, கறை உண்டா இல்லையா என்று பார்க்க எங்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார். கருட சேவை அன்று மத்தியானம் பஸ் ஸ்டாண்டு லாட்ஜ் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. ஓனர் எங்களைப் பார்த்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏன்யா, அதுக்குள்ள அனுப்பிட்ட? நேத்து அனுப்புனதையே இன்னும் அடுக்கல. வெக்க எடமில்ல எங்கிட்ட!"

ஓனர் வழக்கம்போல, "சரி சார், சரி சார்," என்றார். ஆனால் தலை குனியவில்லை. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அடுத்த வருஷம் ஓனர் சித்தூரில் இன்னொரு லாண்டரி ஆரம்பித்தார். சூப்பர்வைசரை அதற்கு மேனேஜராக்கினார். மூன்றாம் மாசம் அந்தச் சூப்பர்வைசர் எனக்கே போன் செய்தார். "வேலை தேங்குதம்மா. ஒரு பத்து நாள் வந்து பாத்து சொல்லணும்," என்றார். உத்தரவு போடுகிற குரல் இல்லை அது. முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கினபோது அவரே பைக்கில் வந்து நின்றார். அங்கே கல்யாண மண்டபத்து மேஜை விரிப்புகள்தான் அதிகம். சாம்பார், எண்ணெய், வெற்றிலைச் சாறு என்று எல்லாம் எனக்குப் புதுசு. அங்கிருந்த பெண்களை வரிசையாக நிற்கவைத்து அவர் தெலுங்கில் சொன்னார்: "இவங்க சொல்றதைக் கேளுங்க. நான் கேக்காம ரொம்ப நாள் வீணாக்கிட்டேன்."

அந்தப் பெண்கள் என்னையே பார்த்தார்கள். பெரிய ஆபீசர் யாரோ வரப்போகிறார்கள் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசலில் கிடந்த முதல் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன்.