நாத்தனார் பையில் தொங்கிய விமான அட்டை

இன்று போளூரிலிருந்து நானும் மகளும் வந்த பஸ்ஸில் என் நாத்தனாரும் வந்தார். பத்து வருஷத்துக்கு முன் மீனம்பாக்கத்திலிருந்து முதன்முதலாகப் பறந்தபோது கட்டிய அட்டை, அவர் கைப்பையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"காதுக்குப் பஞ்சு குடுத்தாங்க, மிட்டாய் குடுத்தாங்க. ஜன்னல்ல கடலே சாஞ்சிகினு வந்துச்சு!"

வாயைப் பிளந்து கேட்ட என் மகள், "அம்மா, நீ பிளேன்ல போகலியா?" என்றாள்.

நாத்தனார் முந்திக்கொண்டார். "உங்கம்மா என்னை வழியனுப்ப வேன்ல வந்தா, பாப்பா. கண்ணாடிக்கு வெளிய நின்னு டாட்டா காட்டிகினு இருந்தா!"

பஸ்ஸே சிரித்தது.

மகள் கெஞ்சியதும் அட்டையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அது பள்ளிப் பையில் ஏறிவிட்டது. நாளை வகுப்பு முழுக்க அத்தை புராணம்தான்.

மகள் தூங்கியதும், அட்டையில் அத்தை பெயர் எழுதிய பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பிவிட்டேன்.

மறுபக்கம் காலியாகத்தான் இருக்கிறது. என் பெயரை எழுதிவிட்டால் தப்பா, சொல்லுங்கள்?