மலையைப் பார்த்த கதவு

எங்கள் கல்லூரியில் ஒரு லோடு செங்கல் இறங்கினால் போதும், அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் நான்கு பேர் அங்கே போய் நின்றுவிடுவோம். படித்து முடித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் நாங்கள் பார்க்காவிட்டால் சுவர் கோணலாகிவிடும் என்று ஒரு நினைப்பு. பழைய மாணவர் சங்கத் தலைவரான வக்கீல் குடையை ஊன்றிக்கொண்டு அஸ்திவாரக் குழிக்குள் எட்டிப் பார்ப்பார். ரைஸ் மில் வைத்திருந்தவர் சிமெண்டை விரலில் எடுத்துத் தவிட்டைத் தேய்த்துப் பார்க்கிற மாதிரி தேய்ப்பார். மூன்றாமவர் கோயிலுக்குப் பக்கத்தில் லாட்ஜ் நடத்தியவர். எந்த வகுப்பறையைப் பார்த்தாலும் நடுவில் தடுத்தால் இரண்டு ரூம் வரும் என்பார். நான்காவது ஆள் நான். எனக்கு ஊர் ஊராகப் போய்ப் பயிர்க் கணக்கும் கிணற்றுக் கணக்கும் எடுக்கிற அரசாங்க உத்தியோகம். புதிய கட்டடத்தில் ஜன்னல்களை எண்ணுவேன். வரைபடத்தில் பதினாறு, சுவரில் பதினான்கு என்று சொன்னால், "கணக்கு, நீ சும்மா இருப்பா" என்பார்கள். எனக்கு அங்கே அதுதான் பெயர்.

கொத்தனார் எங்களைத் தூரத்தில் கண்டதுமே பீடி பற்றவைக்க ஒதுங்கிவிடுவார். நாங்கள் போன பிறகுதான் வேலை மறுபடி நடக்கும். இப்படிப் பார்த்தால், எங்கள் மேற்பார்வையால் நடந்த வேலையைவிட நின்ற வேலைதான் ஜாஸ்தி.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் படித்தபோது அங்கே இருந்தவை ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு நீளக் கொட்டகை, ஓடு போட்ட ஓர் ஆபீஸ், ஒரு குழாய். மழை பெய்தால் வாத்தியார் பேசுவது காதில் விழாது. வெயில் அடித்தால் விழுந்தும் பயனில்லை. அதில் உட்கார்ந்து படித்துத்தான் வக்கீல் வக்கீலானார். அந்த நன்றியைக் காட்டத் தொடங்கியது எங்கள் சங்கம். முதலில் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தோம். அது மறுவருடமே நின்றது. பிறகு கொடிமேடை. பிறகு மரத்தடியில் பன்னிரண்டு சிமெண்டு பெஞ்சு. பெஞ்சில் சாய்கிற இடத்தில் கொடுத்தவர் பெயரைப் புடைப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். சாய்ந்து உட்கார்ந்தவன் முதுகில் மில்காரர் பெயர் பதியும். அதனால் பையன்கள் ஒருவரும் சாய்வதில்லை.

எண்பதுகளின் நடுவில் என் அக்கா மகள் அந்தக் கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்தாள். அக்கா வீடு தண்டராம்பட்டுப் பக்கம், நிலமும் மாடும் உள்ள குடும்பம். அந்த வீட்டில் ப்ளஸ் டூ தாண்டிய முதல் பெண் இவள்தான். என் வீட்டில் தங்கிப் படித்தாள். காலையில் டிபன் சாப்பிடுவாள், தண்ணீர் டம்ளரைத் தொட மாட்டாள். காப்பியும் பாதிதான்.

"தொண்டையில அடைச்சிக்கப் போவுது, தண்ணி குடிம்மா" என்றேன் ஒருநாள்.

"வேணாம் மாமா. சாயங்காலம் வந்து குடிச்சிக்கிறேன்."

நாலரை மணிக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைப்பக்கம் ஓடுவாள். பிறகு வந்து ஒரு செம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. என் மனைவிதான் சொன்னாள்: "வாராவாரம் போய் ஜன்னல் எத்தினின்னு எண்ணிட்டு வர்றீங்களே, அங்க பொம்பளப் புள்ளைங்க எங்க போவுதுங்கன்னு ஒரு நாளாவது பார்த்தீங்களா?"

பெண்கள் முப்பத்தேழு பேர் படித்தார்கள். அவர்களுக்கென்று ஒரு கழிப்பிடம் கிடையாது. சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் வேலிக்காத்தான் புதர் ஒன்று இருந்தது. இரண்டு இரண்டு பேராகப் போவார்களாம். ஒருத்தி வெளியே தாவணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். அந்தப் புதரையும் எங்கள் சங்கம் விட்டுவைக்கவில்லை. நான் போளூர்ப் பக்கம் அறுவடைக் கணக்குக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வளாகத்தை அழகு செய்கிறோம் என்று சிரமதானம் செய்து புதரை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு, இருபத்துநான்கு அசோக மரக்கன்றுகளை நட்டுப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். மண்வெட்டி பிடித்த போட்டோவில் வக்கீலின் வேட்டியில் ஒரு பொட்டு மண் கிடையாது.

புதர் போன இரண்டாம் மாதம் அவளுக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "ஒரு நாளைக்கு எத்தினி டம்ளர் தண்ணி குடிக்கற?" என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். விஷயம் தெரிந்து அக்காவின் வீட்டுக்காரர் பஸ் பிடித்து வந்துவிட்டார்.

"எங்க வீட்ல நாலு மாடு இருக்குது மச்சான். அதுங்களுக்குக்கூட ஒரு எடம் ஒதுக்கி வெச்சிருக்கேன்" என்றார். "இவ்ளோ பெரிய காலேஜ்ல ஒரு மறைப்பு இல்லியா?"

"கட்டப்போறாங்க மாமா. நான் பேசறேன்" என்றேன்.

"பேசுங்க. பொங்கல் வரைக்கும் பார்க்கறேன். அப்புறம் கூட்டிக்கினு போயிடுவேன். ஆரணியில ஒரு எடம் வந்துக்குது, பையன் கடை வெச்சிருக்கான்." அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய்க் கணக்குப் புத்தகத்தை எடுத்து விரித்துவைத்துக்கொண்டாள். வெகுநேரம் பக்கம் திரும்பவில்லை.

கல்லூரி முதல்வரிடம் போனேன். வேலூரில் உள்ள மேலாபீசுக்கு எழுதியிருக்கிறோம் என்றார். எப்போது எழுதினீர்கள் என்று கேட்டேன். நான் இங்கே மாற்றலாகி வருவதற்கு முன்பே எழுதியிருக்கிறார்கள் என்றார். ஆகவே சங்கத்தில்தான் பேச வேண்டியிருந்தது.

கூட்டம் லாட்ஜ் மொட்டைமாடியில். அங்கிருந்து ஊரே கும்பிடும் மலை முழுசாகத் தெரியும். முதல் விஷயம், கல்லூரி வாசலில் ஓர் அலங்கார வளைவு. அது கால்மணி நேரத்தில் நிறைவேறியது. இரண்டாவது என் விஷயம்.

"நியாயம்தான்" என்றார் வக்கீல். "கட்டவேண்டியதுதான். ஆனா கதவு எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமா இருந்தா இன்னாங்க?"

"அப்டி சொல்லிட்டா ஆச்சா? கதவைப் பார்த்துத்தானே உக்காருவாங்க? மேற்கே வெச்சா மலையைப் பார்த்த மாதிரி ஆவும். நம்ம ஊர்ல மலையைப் பார்த்துக் கால் நீட்டவே யோசிக்கிறோம்."

"அப்ப கிழக்கே வெச்சுடுங்க."

"மலைக்கு முதுகைக் காட்டிக்கினா?" மில்காரர் பதறினார். "அது இன்னும் மோசம்யா."

"வடக்கே?" என்றார் லாட்ஜ்காரர்.

"குபேரன் திசை. காலேஜுக்குக் காசு வராது" என்றார் வக்கீல்.

"தெற்கே?"

"எமன் திசை. கல்யாணம் ஆவாத புள்ளைங்க சார்!" என்றார் மில்காரர்.

"அப்போ மூலைவாட்டமா வெச்சிடலாம்" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எட்டுத் திக்கிலயும் லிங்கம் இருக்குதேய்யா" என்றார் மில்காரர்.

"லிங்கமெல்லாம் மலையைச் சுத்தி இருக்குதுங்க. நம்ம காலேஜைச் சுத்தி இல்ல."

"கணக்கு, சாமி விஷயத்துல கணக்கு பார்க்காதே" என்றார் வக்கீல்.

லாட்ஜ்காரரைப் பார்த்துக் கேட்டேன்: "நாம உக்காந்திருக்கிற இந்த மாடிக்குக் கீழ பதினெட்டு கக்கூஸ் இருக்குது. அதெல்லாம் எந்தப் பக்கம் பார்க்குது?"

அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "அது வாடகைக்கு விடறதுங்க. வெளியூர்க்காரங்க போறது."

எல்லோரும் சிரித்தார்கள். பிரச்சினை திசை மட்டும் அல்ல. வளைவுக்குப் பணம் கொடுத்து அதில் பெயர் போட்டுக்கொள்ள நாற்பத்தொரு பேர் முன்வந்தார்கள்; கக்கூஸ் சுவரில் தன் பெயரைப் போட்டுக்கொள்ள ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதைச் சொல்ல வாய் வராமல் குபேரனையும் எமனையும் இழுத்தார்கள். மனை பார்க்கிறவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று கூட்டம் கலைந்தது. மனை பார்க்கிறவரை யாரும் கேட்கவே இல்லை.

வீட்டில் அதை அப்படியே சொன்னேன். அக்கா மகள் கேட்டுவிட்டு, "நடுவுல ஒரு செவுரு இருக்கும்ல மாமா? அப்புறம் மலைக்கு எப்டித் தெரியும், எங்களுக்குத்தான் எப்டித் தெரியும்?" என்றாள். சட்டக் கல்லூரி வரை போனவருக்குத் தோன்றாதது அது.

வளைவு வளர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் அதன் கீழே நின்று தாமரை இதழ் எட்டா பத்தா என்று விவாதித்தார்கள். ரோட்டில் நின்று பார்த்தால் வளைவுக்கு நேர் நடுவில் மலையுச்சி தெரிய வேண்டும் என்பது வக்கீலின் ஆசை. ஒரு முழம் தள்ளியிருக்கிறது என்று ஒரு தூணை இடித்து மறுபடி கட்டினார்கள். இடித்த செங்கல்லை எண்ணிப் பார்த்தேன். அதிலேயே நான் கேட்ட கழிப்பிடத்தின் மூன்று பக்கச் சுவர் எழும்பியிருக்கும். தீபத்துக்கு வந்த என் அக்காவை அழைத்துப்போய்க் காட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது எதுக்குடா?" என்று கேட்டாள்.

மார்கழியில் திறப்புவிழா. சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக ஏற்பாடு. அவர் வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது அவருடைய உதவியாளர் போன் செய்தார்: ஐயாவுக்குச் சர்க்கரை வியாதி, மேடைக்குப் பக்கத்தில் பாத்ரூம் இருக்கிறதா?

அவ்வளவுதான். கொத்தனாருக்குப் பீடி பற்றவைக்க நேரம் இல்லை. ராத்திரி பகல் என்று பாராமல் வேலை நடந்து, ஒன்பதாம் நாள் மேடைக்குப் பின்னால் வெள்ளை டைல்ஸ், கைகழுவும் தொட்டி, கண்ணாடி, எல்லாம் வைத்து ஒரு பாத்ரூம் எழும்பி நின்றது. எந்த மூலை, எந்தத் திசை என்று ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. மேடையிலிருந்து இறங்கி நேரே போக வசதியான பக்கம் கதவு வைத்தார்கள்.

அதிகாரி வந்தார். ரிப்பன் வெட்டினார். பத்து நிமிடம் பேசினார். காப்பிகூடக் குடிக்காமல் காரில் ஏறிப் போனார். பாத்ரூம் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அன்று சாயங்காலமே வக்கீல் அதற்கு ஒரு பெரிய பூட்டுப் போட்டார். "இனிமே வர்ற பெரிய மனுஷங்களுக்கு ஆவும்" என்றார்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது அக்கா மகள், "நானும் வர்றேன் மாமா" என்றாள். அவள் துணிமணியை ஒரு பையில் எடுத்துவைத்திருந்ததைக் காலையில் பார்த்தேன். அவள் அப்பா சொன்ன கெடு நெருங்கியிருந்தது.

மூவரும் வளைவின் கீழே நின்று தங்கள் பெயர்களைத் தாங்களே படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களைத் தாண்டி நேரே நடந்துபோய், பூட்டியிருந்த பாத்ரூம் கதவில் முதுகு படும்படி நின்றாள். நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டாள். சத்தமாகச் சொன்னாள்:

"இங்கருந்து மலை எவ்ளோ நல்லாத் தெரியுது பாருங்க சார்!"

வக்கீல் சிரித்துக்கொண்டே வந்து அவள் பக்கத்தில் நின்று பார்த்தார். உச்சி முதல் அடி வரை மலை நேர் எதிரே நின்றது. வளைவுக்கு ஒரு தூணை இடித்துக் கட்டியும் அப்படி நேராக அமையவில்லை. அவர் சிரிப்பு போய்விட்டது. மில்காரர் இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டார்.

"அடப்பாவிங்களா, யாருய்யா இந்தப் பக்கம் கதவு வெச்சது?" என்றார் மில்காரர்.

"நீங்கதான் நின்னு பார்த்தீங்க" என்றேன்.

"இடிச்சிடலாம்" என்றார் லாட்ஜ்காரர்.

"இடிச்சாலும் கட்டினது கட்டினதுதானே? இனிமே ஒரு பெரிய மனுஷரை இதுல அனுப்ப முடியுமா? பாவம் நம்ம தலையிலதான் விழும்." வக்கீலுக்கு உண்மையிலேயே வேர்த்திருந்தது.

"அந்தப் பாவத்தை நாங்க முப்பத்தேழு பேரும் பங்கு போட்டுக்கறோம் சார்" என்றாள் அவள். "சாவியைக் குடுங்க."

மில்காரர் வக்கீலைப் பார்த்தார், வக்கீல் லாட்ஜ்காரரைப் பார்த்தார். மூன்று முகத்திலும் ஒரு நிம்மதி பரவியதை நான் பார்த்தேன். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பெண்பிள்ளைகள் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார்கள் என்று அத்தனை கவலைப்பட்டவர்கள், பெரிய மனுஷருக்கு ஆகாது என்று தெரிந்ததும் அதே பெண்பிள்ளைகளுக்குத் தாராளமாக விட்டுக்கொடுத்தார்கள். வக்கீல் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: சங்கத்தின் பெயர் அதில் எங்கேயும் வரக்கூடாது.

"வராது சார்" என்றாள்.

வளைவு இன்னும் நிற்கிறது என்று கேள்வி. அதில் பெயர் போட்ட நாற்பத்தொரு பேரில் முப்பது பேருக்கு மேல் இப்போது உயிரோடு இல்லை. நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சொன்னபடி, அந்தப் பொங்கல் கழிந்து நாலாம் நாள் அவள் அப்பா வந்தார். கையில் இரண்டு கட்டு கரும்பு. காலை ஒன்பது மணி. அவள் காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். டிபன் சாப்பிட்டுவிட்டு எழுந்து, பானையில் செம்பை விட்டு மொண்டு, நின்றபடியே குடித்தாள். மறுபடி மொண்டு குடித்தாள். அவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, காலேஜுக்குப் போற நேரத்துல இம்மாம் தண்ணி குடிக்கற?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு தாவணி முந்தியைத் தூக்கிக் காட்டினாள். நுனியில் சாவி முடிச்சுப் போட்டிருந்தது. "இந்த மாசம் என்கிட்ட இருக்குதுப்பா. அடுத்த மாசம் இன்னொருத்திகிட்ட" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் கரும்புக் கட்டுகளைச் சுவரில் சாய்த்துவைத்தார். ஆரணிப் பேச்சை எடுக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினார்.