அம்மாவின் கட்டிலைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர்

தம்பி அனுப்பிய அந்தக் கண்டறியாத பெட்டியை நான் ஒருநாளும் விரும்பியதில்லை. நான்கு வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தான். ரீவியோடு பூட்டுகிற சின்ன மீடியா பிளேயர், அதற்கொரு அம்ப்ளிபயர், ஐந்து ஸ்பீக்கர், ஏறிக் குந்தியிருக்கலாம் போல ஒரு பேஸ் பெட்டி. அம்மா படம் பார்க்கட்டுமாம். அம்மாவுக்கு ஷெல் விழுந்த நாளிலிருந்து இடது காது கேட்காது, வலது காதும் அரைவாசிதான். கிணற்றுக்கு ஒரு மோட்டார் வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். வந்தது இது.

ஆனால் போன வருடம் அம்மா படுக்கையில் விழுந்தபோது அந்தப் பெட்டிதான் உதவியது. புற்றுநோய் ஈரலுக்கு ஏறிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆசுபத்திரியில் துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள். ரீவியை அம்மாவின் கட்டிலுக்கு நேரே கொண்டுவந்து வைத்தேன். அந்த நாட்களில்தான் தம்பி நேரடியாகக் கதைப்பதை விட்டு வீடியோ அனுப்பத் தொடங்கினான். தான் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் தங்கியிருப்பதாகவும் அங்கே நெற் சரியில்லை என்றும் சொன்னான். ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருந்துகொண்டு, சாப்பிட்டீர்களா அம்மா, மருந்து குடித்தீர்களா என்று கேட்பான். விசா வந்த மாதிரித்தான், சந்நிதிக் கோயில் கொடியேற்றத்துக்கு வந்துவிடுவேன் என்பான். இரண்டு நிமிடம் வரும். அதைப் பென் டிரைவில் ஏற்றி அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவேன்.

அம்மா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தது அந்தக் கொடியேற்றத்துக்காகத்தான். எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்குக் கடைசி மகனும் கொள்ளி வைப்பார்கள். எங்கள் மூத்தவர் இல்லை. சண்டைக் காலத்தில் அவரைப் பிடித்து வைத்திருந்த முகாமுக்கு அம்மா பதினொரு மாதம் சோற்றுப் பார்சலோடு போய் வாசலில் நின்றார். பிறகு ஒருநாள், இங்கே அப்படி ஒருவர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மிஞ்சியது தம்பி ஒருவன். அவன் கையால் போனால் போதும் என்பதைத் தவிர அம்மா வேறொன்றும் கேட்கவில்லை.

ஆனி மாதம் வேறொரு போனிலிருந்து வீடியோ வந்தது. படம் ஓடியது, சத்தம் இல்லை. அம்மா அவனுடைய வாய் அசைவதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். அவன் சொல்வதை நான் பக்கத்தில் இருந்து தொண்டை கிழியக் கத்த வேண்டும். நீ சொல்வது எனக்கு வேண்டாம், அவன் சொல்வதைக் கேட்கவிடு என்று ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. மலசலம் அள்ளுகிறவள் நான், குரல் மட்டும் அவனுடையது வேண்டுமாம்.

பெட்டியின் மென்பொருள் பழையது, புதிய போன்களின் சத்தம் அதற்குப் பிடிபடாது என்று தேடி அறிந்தேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அதோடு மல்லுக்கட்ட இருந்தேன். புதிய பதிப்பு பாதி இறங்கும்போது கரண்ட் போனது. திரும்ப முதலிலிருந்து. ஒருவழியாக ஏறி முடிந்ததும் பழைய செற்றிங் எல்லாம் அழிந்து பெட்டி முழு ஊமையாகிவிட்டது. உள்ளதையும் கெடுத்துவிட்டேனே என்று அழுகை வந்தது. பிறகுதான் விளங்கியது, பெட்டி சத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே அம்ப்ளிபயரின் தலையில் கட்டுகிறது, அந்தக் கிழட்டு அம்ப்ளிபயருக்கு அது ஏறவில்லை. அந்த ஒன்றை நிறுத்தியதும் சத்தம் வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு ஆசை பிடித்துவிட்டது. ஸ்பீக்கர்களைக் கழற்றிக் கட்டிலைச் சுற்றி வைத்தேன். ஒன்றின் பின்னால் பல்லி முட்டை இருந்தது. ஒவ்வொன்றாகச் சோதனைச் சத்தம் விட, எந்தப் பக்கம் கேட்கிறது என்று அம்மா விரலால் காட்டினார். வலது பக்கத்தைக் கூட்டினேன். கடைசியாக இன்னொரு செற்றிங் இருந்தது. பெரிய சத்தத்தை அமுக்கி, மெல்லிய சத்தத்தை மேலே தூக்கிவிடுமாம், காது மந்தமானவர்களுக்கு நல்லதாம். அதை உச்சிவரை ஏற்றினேன்.

தம்பியின் குரல் அறை முழுக்க வந்தது. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவனுக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்திருக்கிறது என்று உடனே கண்டுபிடித்தார். திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது முறை பாதியில் கையைத் தூக்கி, நிறுத்தி, கொஞ்சம் பின்னுக்கு விடச் சொன்னார். அவனுடைய இரண்டு சொல்லுக்கு நடுவில், தூரத்தில் ஒரு கனத்த இரும்புக் கதவு அடிபட்டது. தாழ் விழுந்தது. ஒரு ஆள் ஏதோ இலக்கம் வாசித்தான். பிறகு அடுத்த கதவு. நான் கடையின் குசினிச் சத்தம் என்று நினைத்தேன்.

"உது கடைக் கதவில்லை, பிள்ளை," என்றார் அம்மா. "உள்ளுக்கை நிக்கிறவன் திறக்கேலாத கதவு. பதினொரு மாதம் கேட்டனான்."

நான் கிணற்றடிக்குப் போய், கதவுச் சத்தம் என்னவென்று அவனுக்கு எழுதிக் கேட்டேன். அரை மணித்தியாலம் கழித்து அவனே எடுத்தான். ரகசியமாகக் கதைத்தான். மறியலில், சிறைக்குள் இருக்கிறானாம். போன் இன்னொரு கைதி ஒளித்து வைத்திருப்பதாம். பங்குனியில் வேறொருவரின் பாஸ்போட்டோடு விமானத்தில் ஏறப்போய்ப் பிடிபட்டிருக்கிறான். வெளியே வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. விசரா, ஏன் அப்படிச் செய்தாய் என்று வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன்.

"அம்மாவைப் பாக்கத்தான் அக்கா வெளிக்கிட்டனான்," என்றான். "அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

போனை வைத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். பெரியம்மாவின் மகனிடம் கொள்ளிக்குச் சொல்லி வை என்றார் அம்மா. நாளைக்கு மாமி பார்க்க வருவா, அவவுக்குக் காது நல்லாகக் கேட்கும், அதற்கு முதல் பெட்டியைப் பழையபடி மாற்றிவிடு என்றார். நான் றிமோட்டை எடுத்து உச்சிவரை ஏற்றியதை அடிவரை இறக்கினேன். கதவு போய்விட்டது. தம்பியின் குரலும் முக்கால்வாசி போய்விட்டது.

"தம்பியிட்டைச் சொல்லு," என்றார் அம்மா, "எனக்கு அவன்ரை குரல் மட்டும்தான் கேட்டதெண்டு."

அதற்குப் பிறகு வந்த வீடியோக்களை அம்மா அப்படியே பார்த்தார். வாய் அசையும் இடமெல்லாம் தலையாட்டினார். கேட்டதா என்று நான் கேட்கவில்லை. சந்நிதியில் கொடியேற எட்டு நாள் இருக்கும்போது போனார். பெரியம்மாவின் மகன் கொள்ளி வைத்தான். அந்தக் கட்டிலைச் சுற்றி வைத்த ஸ்பீக்கர்களை மட்டும் நான் இன்னும் எடுக்கவில்லை.

தம்பி வெளியே வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பான், சத்தம் அம்மாவுக்கு வடிவாகக் கேட்டதா என்று. ஓம் என்பேன். உன்னுடைய குரல் மட்டும்தான் கேட்டது என்பேன்.