அக்காவுக்குக் கொடுத்த காவா வேர்

காவா வேர் நல்ல மருந்தா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வேர் பாவம், அது என்ன செய்யும்? எங்கள் வீட்டில் அதை எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை வீட்டில் அம்மா, அக்கா, அத்தான், நான் என்று நாங்கள் இருந்தோம். அத்தானுக்குத் துறைமுகத்தில் கிளாக்கர் வேலை. அக்காவின் ஒரே மகன், நடை பழகிக்கொண்டிருந்த பிள்ளை, காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு அக்காவுக்கு நித்திரையே இல்லை. அரிசி களையும்போதும் அழுகை, துணி மடிக்கும்போதும் அழுகை. "அக்கம்பக்கத்துச் சனம் என்ன நினைக்கும்?" என்று அத்தான் பல்லைக் கடிப்பார். பிள்ளையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கதைத்து நான் கேட்டதில்லை.

பிஜித் தீவில் கரும்புத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் அப்போது கொச்சிக்கடையில் கப்பலுக்குக் காத்திருந்தார். அத்தானுக்குத் துறைமுகத்தில் பழக்கமானவர். அவர்தான் ஒரு சாக்கு நிறையக் காவா வேர் கொடுத்தார். மிளகுக் கொடிக்குச் சொந்தமாம். அங்கத்தைய ஆட்கள் அதை இடித்து, பச்சைத் தண்ணீரில் பிசைந்து, வடித்துக் குடிப்பார்களாம். உடம்பு நோவுக்கும் மனக் கலக்கத்துக்கும் நல்லதாம். "எப்பவாச்சும் ஒரு சிரட்டை போதுங்க, நல்லாத் தூக்கம் வரும்" என்றாராம்.

எப்போதாவதா? அம்மா விடுவாளா! வேர் என்றால் அவளுக்கு ஒரு மண்டலம், மண்டலம் என்றால் பத்தியம். இடித்துப் பிசைவதை மட்டும் அந்த மனிதர் சொன்னபடி செய்தாள். மற்றபடி காலையும் மாலையும் வெறும் வயிற்றில் செம்பு நிறையக் கொடுத்தாள். மீன் இல்லை, புளி இல்லை, எண்ணெய் முழுக்கும் இல்லை. "நாக்கு மரக்குதம்மா" என்றாள் அக்கா. "மருந்தெண்டால் அப்பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டு குடி பிள்ளை."

அக்கா நித்திரை கொண்டாள். அழுகையும் நின்றது. அம்மா பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தாள். அத்தான் வீட்டுக்குள் சிரித்துக் கதைக்கத் தொடங்கினார். ஒரு மண்டலம் முடிய இன்னொன்று, அதுவும் முடிய மற்றொன்று. அக்கா இருத்திய இடத்தில் இருந்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பிறகு அவள் தோல் காய்ந்தது. முழங்கால், கை, முதுகு என்று மீன் செதில் மாதிரி வெடித்து உரிந்தது. கண்ணும் சிவந்தது. அத்தான் பாயைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார், தனக்குத் தனிக் கோப்பை கேட்டார். அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்து, "பெருவியாதியோ தெரியேல்லையடி" என்று அழுதாள். குஷ்டம் என்று தெரிந்தால் அரசாங்கம் ஆளைக் கொண்டுபோய் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹெந்தளைக் குஷ்டரோக ஆஸ்பத்திரியில் வைத்துவிடும். போனவர்கள் வீடு திரும்பியதை நாங்கள் கண்டதில்லை.

"என்னையும் கொண்டு போடுவினமோ?" என்று அக்கா கேட்டாள்.

"விசர்க்கதை கதையாதை!" என்று சீறினேன்.

கொட்டாஞ்சேனையில் யாருக்கும் தெரியக் கூடாதென்று வெள்ளவத்தையில் ஒரு தமிழ் டொக்டரிடம் போனோம். அக்காவைச் சால்வையால் மூடி, அம்மாவும் நானும் ரயிலில் கூட்டிக்கொண்டு போனோம். அத்தான் வரவில்லை. டொக்டர் அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி, காய்ந்த தோலில் ஊசியால் குத்தினார். அக்கா "ஆ!" என்று கையை இழுத்தாள். குத்திய இடமெல்லாம் இழுத்தாள்.

"உணர்ச்சி இருக்கு. இது குஷ்டமில்லை. என்ன மருந்து குடிச்சவ?"

அம்மா என் கையைக் கிள்ளினாள். இங்கிலிஷ் மருந்து கொடுக்கிற டொக்டரிடம் நாட்டு மருந்தைச் சொன்னால் ஏச்சு விழும் என்று எங்கள் வீடுகளில் எல்லோரும் மறைப்பார்கள். நான் கையை உதறிவிட்டு, காவா வேர், செம்பு, மண்டலம், பத்தியம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

டொக்டர் நெற்றியைத் தடவினார். "காவாவா? இந்த வேரின்ர சாரத்தைச் சலக்கடுப்புக்கு, மூத்திர எரிவுக்கு, நானே குடுக்கிறனான். துளிக்கணக்கில், கொஞ்ச நாளைக்கு. நீங்கள் செம்புக்கணக்கில் வாத்திருக்கிறியள். இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. மீனும் எண்ணெயும் குடுங்கோ. தோல் தானாகத் தெளியும்."

ரயிலில் அம்மா அக்காவின் கையை விடவேயில்லை.

தோல் மெல்ல மெல்லத் தெளிந்தது. அத்தான் பாயைத் திரும்ப உள்ளே கொண்டு வந்தார். ஆனால் நித்திரை போய்விட்டது. ஒரு நாள் காலை, புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அக்கா திருவலையை அப்படியே விட்டுவிட்டு மகனைச் சொல்லிச் சொல்லி அழுதாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தான் அம்மாவைப் பார்த்து, "அந்த வேரில் மிச்சம் இருக்கோ மாமி?" என்று கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் வாயைத் திறக்குமுன் அக்கா எழுந்து வந்து அவர் எதிரே தரையில் இருந்தாள்.

"மருந்து வேண்டாம். என்னோட இருந்து நீங்களும் ஒருக்கா அழுங்கோ. அவன் உங்களுக்கும் பிள்ளைதானே?"

அத்தான் கையைக் கழுவினார். துறைமுகத்தில் வேலை கிடக்கிறது என்று சொல்லி, சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவர் வேலை பார்த்த கந்தோர் பூட்டிக் கிடக்கும் நாள்.